முப்பத்தைந்து பேரும் செலியமேட்டில் ஒருவரும்

வில்லியனூர் ரயில்வே கேட்டுக்கு அருகில், ஒரு கறிக்கோழிக் கடையின் மேல்மாடியில், இர்பானா வேலை பார்த்த அலுவலகம் இருந்தது. காலை பத்து மணிக்கு அவள் படியேறும்போது கீழே கோழிகளை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த ஈர இறகின் நாற்றம் அவளுக்கு முன்னரே மாடியேறிப் போய் அவளுடைய நாற்காலியில் அமர்ந்துகொள்ளும். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதான் அவள் கணினியைத் திறப்பாள். மூன்று ஆண்டுகளில் நாற்றம் பழகவில்லை, கிராம்புதான் பழகியிருந்தது.

அங்கே செய்யப்பட்ட வேலை இன்னதென்று தன் அத்தா கௌஸ் பாஷாவுக்கு அவளால் ஒருநாளும் விளங்க வைக்க முடிந்ததில்லை. கடைத்தெருவில் பாயும் வாளியும் கயிறும் விற்பவர் அவர்.

"ஜெர்மன்காரன் பேருக்கு ஜெர்மன்காரன்தானே அர்த்தம் சொல்லணும்? வில்லியனூர்ல வந்து ஒன்ன ஏன் கேக்குறான்?" என்பார்.

கேள்வி நியாயமானது. ஐரோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பரம்பரை பரம்பரையாக வருகிறது. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசையும் இருக்கிறது. அந்த ஆசைக்குத் தீனி போடும் இணையதளம் ஒன்றை அரிகரன் என்பவர் நடத்திவந்தார். பெயரையும் அதன் பொருளையும் அச்சடித்த காபி கோப்பைகளை விற்பதில்தான் அவருக்கு வருமானம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று தலைப்புகள்: பெயரின் தோற்றம், பெயரின் பொருள், உலகில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர். பக்கத்தின் அடியில் "முனைவர் ஹென்ரிக் வால்டன், பெயராய்வாளர்" என்று கையொப்பம் இருக்கும். முனைவரின் படமும் இருக்கும்: நரைத்த தாடி, கனிந்த கண்கள். அப்படி ஒருவர் இவ்வுலகில் இல்லை. முனைவர் நான்கு பெண்களாக இருந்தார். அவர்களுள் இருவர் பேறுகால விடுப்பில் போய்விட, இப்போது இர்பானாவும் சரண்யாவும் மட்டும் முனைவராக இருந்தார்கள்.

ஆங்கிலத்தில் முதுகலை முடித்து, ஜெர்மன் மொழியில் இரண்டு நிலைத் தேர்வும் எழுதியிருந்த இர்பானாவுக்கு இந்த வேலையில் தொடக்கத்தில் மதிப்பு இருந்தது. அகராதிகளைப் புரட்டுவாள், பழஞ்சொற்களைத் தேடுவாள், தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுவாள். கொல்லர் மரபு, தச்சர் மரபு, ஆற்றங்கரையில் குடியிருந்தவர் மரபு என்று ஒரு சொல்லுக்குள்ளிருந்து ஒரு மனிதர் எழுந்து வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த மதிப்பு எப்போது கெட்டுப்போனது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பால் திரிவதை யாரும் நேரில் பார்ப்பதில்லை.

கோட்ரீடர் என்ற பெயர் அவள் மேசைக்கு வந்தது மாசி மாதத்தில்.

மிக அரிதான பெயர். ஜெர்மனியில் முப்பத்தொருவர், ஆஸ்திரியாவில் நால்வர். ஆக முப்பத்தைந்து பேர். அவர்களுக்கும் கீழே, கணினி தானாகத் திரட்டித் தந்த பட்டியலின் கடைசி வரியில், "இந்தியா: ஒருவர்" என்று இருந்தது. இர்பானா அதை ஏதோ பிழை என்று எண்ணிக் கடந்துபோனாள். பொருளைத் தேடியபோது அகராதி தயங்காமல் விடை சொன்னது. முற்பகுதிக்குப் பழைய பொருள் சேறு, சகதி. இன்றைய வழக்கில் அது மலம். பிற்பகுதி நாணல் மண்டிய சதுப்பு. சேற்று நாணற்காட்டிலிருந்து வந்தவர் என்பது பெயரின் பொருள். அவள் அதை அப்படியே எழுதி அனுப்பினாள்.

அரிகரன் தம் கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"இன்னாமா இது, பீன்னு எழுதி வெச்சிருக்க?"

"பழைய பொருள் சேறு, சார். இப்போதுதான் அந்த—"

"சேறும் வேணாம், பீயும் வேணாம். இத எவன் காபி கப்புல அச்சடிச்சு வாங்குவான்? குடிக்கிற கப்பு மா அது!" அவர் திரையில் விரலை வைத்தார். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்த் தடம் பதிந்தது. "கோட்-னு ஆரம்பிக்குது பாரு. கோட்டை! கோட்டைய ஆண்டவரு. எல்லா பாஷைக்கும் மூலம் தமிழ்தான, அப்புறம் இன்னா ஆராய்ச்சி?"

"சார், தவறாக நினைக்காதீர்கள், அதற்கு ஆதாரம்..."

"முனைவர் சொல்றாருல்ல? அதான் ஆதாரம்."

பக்கத்து மேசையிலிருந்து சரண்யா, தலையைத் திருப்பாமலே, "முனைவருக்கு நேத்துலேர்ந்து தீட்டு சார், லீவு கேக்குறாரு," என்றாள். அரிகரன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோட்ரீடர் பக்கம் கோட்டையோடு வெளியானது.

பதினோராம் நாள் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இங்கெபோர்க் கோட்ரீடர் என்ற எழுபத்தொன்பது வயது அம்மையார். கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருந்தது. தங்கள் பெயருக்குச் சேறு என்று பொருள் எனத் தம் தந்தையார் சொல்வார் என்றும், கோட்டை கிடைத்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் தாம் அதை நம்பவில்லை என்றும் எழுதியிருந்தார். கேட்க வந்தது வேறு. அவருடைய தம்பி மத்தியாஸ் 1972ஆம் ஆண்டில் தரைவழியாக இந்தியாவுக்குப் புறப்பட்டுப் போனவர். அதற்குப் பிறகு ஓர் அஞ்சலட்டைகூட வரவில்லை. உங்கள் பட்டியலில் இந்தியாவில் ஒருவர் என்று இருக்கிறதே, அவர் யார்?

அரிகரன் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இறைச்சிக் கடை வாசலில் நிற்கும் நாய்க்கு ஒரு முகம் உண்டு. அந்த முகத்தை இர்பானா அன்று அவரிடம் கண்டாள்.

தேடிப் பார்த்ததில் அந்த இந்தியர் அகப்பட்டார். அருள்முருகன் கோட்ரீடர், கத்தாரில் வேலை, சொந்த ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் செலியமேடு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் நம் பிள்ளைகள் அப்பா பெயரை எழுதுவது வழக்கம். இவரும் அப்படியே எழுதி, அதே பெயரில் முகநூல் கணக்கும் தொடங்கியிருந்தார். ஆகவே கோட்ரீடர் என்பது அப்பாவின் பெயர். வாக்காளர் பட்டியலில் அப்பாவும் கிடைத்தார்: கோத்ரீடர், வயது ஐம்பது. அதே வீட்டு எண்ணில் அமுதம், கணவர் பெயர் சாமிக்கண்ணு, வயது எழுபத்திரண்டு.

"கணக்கு சரியா வருதா?" என்றார் அரிகரன். "எழுவத்திரெண்டுல தம்பி கெளம்புறான். எழுவத்திநாலுல செலியமேட்டுல புள்ள பொறக்குது. பேரு கோத்ரீடர். இன்னாமா சொல்லுது?"

"ஏதாவது வேறு காரணம் இருக்கலாம், சார்."

"இருக்கட்டுமே. அந்தம்மாவுக்கு இன்னா வேணும்? ஒரு வாரிசு வேணும். குடுப்போம். நீ நல்லா எழுதுவ. கொஞ்சம் மனச தொடுற மாரி எழுது."

இர்பானா எழுதினாள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் அமுதம் என்பது வெறும் நான்கெழுத்தாக இருந்தது. நான்கெழுத்துக்கு முகம் கிடையாது. "ஏரிக்கரை நாணல்களுக்கு நடுவே, அமுதம் என்ற கிராமத்து இளம்பெண்ணும் மத்தியாஸும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலே ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள்" என்ற வாக்கியம் முடிந்தபோது, அறியாமல் அறிந்து என்று வந்த அழகுக்காக அவளுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அரிகரன் கைதட்டினார். "இனி போட்டோ மட்டும்தான். நாளைக்கே ரெண்டு பேரும் போங்க. அரசாங்க சர்வேன்னு சொல்லிக்கோங்க. கொஞ்சம் செவப்பா, பூனைக் கண்ணா இருக்கறவங்களா பாத்து எடுங்க."

மறுநாள் காலை இர்பானாவின் ஸ்கூட்டரில் இருவரும் புறப்பட்டார்கள். அபிஷேகப்பாக்கம் தாண்டியதும் இருபுறமும் நெல் கதிர் சாய்ந்து கிடந்தது. காற்றில் ஈர வைக்கோலின் வாடை. பல மாதங்களுக்குப் பின் கிராம்பு இல்லாமல் மூச்சுவிட்டதை இர்பானா உணர்ந்தாள்.

செலியமேட்டில் ஒரு டீக்கடை முன் வண்டியை நிறுத்தி, சரண்யா கேட்டாள்.

"அண்ணே, கோத்ரீடர் வூடு எங்கண்ணே?"

"யாரு, ரீடரா?" கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "பேருதான் ரீடரு, பேப்பர்ல போண்டா எண்ணெய தொடைக்கிறதோட சரி. நேரா போய் லெஃப்ட்டு. வாசல்ல பித்தள தகடு அடிச்சிருக்கும்."

பெஞ்சில் இருந்த ஒருவர் சேர்த்துக்கொண்டார்: "போன மாசம் கரென்ட்டு ஆபீஸ்லேர்ந்து மெய்யான மீட்டர் ரீடரு வந்து, ரீடர் வூட்ல ரீடர் வந்திருக்கேன்னாரு பாரு, கெழவி வெளக்குமாத்த எடுத்துனு வந்துச்சு!"

கடை முழுவதும் சிரித்தது. இர்பானாவும் சிரித்தாள்.

வீடு ஓட்டு வீடு. முன்பக்கம் மட்டும் தளம் போட்டிருந்தார்கள். நிலைக்கதவின் மேல், மற்ற வீடுகளில் சாமி படம் மாட்டும் இடத்தில், ஒரு சாண் அகலப் பித்தளைத் தகடு ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது. புளி போட்டுத் துலக்கித் துலக்கி எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. நான்கு மூலைகளிலும் மஞ்சளும் குங்குமமும். இர்பானா எழுத்துக் கூட்டினாள்: கோட்ரீடர். அதன் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண்ணும், "பம்பு, எஞ்சின் பட்டறை" என்ற பொருள்தரும் ஜெர்மன் சொற்களும், தேய்மானத்தில் பாதி மறைந்த ஓர் ஊர்ப் பெயரும் இருந்தன.

அவள் அதை இரண்டாம் முறையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

ரீடர் எனப்பட்டவர் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். பனைமரத்து நிறம்; அகன்ற மார்பு; காலில் முழங்கால் வரை சேறு. "இன்னாமா, சர்வேயா? எத்தினி சர்வே! போன சர்வேல கக்கூஸ் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன். இப்ப அதுல ஒக்காருறியான்னு கேப்பீங்களா?" என்று சொல்லிக்கொண்டே குழாயடியில் கால் கழுவினார்.

உள்ளேயிருந்து அமுதம் வந்தார். கட்டையான உருவம், வெற்றிலை போட்ட வாய், கூர்ந்த பார்வை. அந்த நிமிடம் வரை நான்கெழுத்தாக இருந்தவர்.

"உக்காருங்க கண்ணு. வெயில்ல வந்திருக்கீங்க. மோரு குடிக்கிறீங்களா? நீ பாய் வூட்டுப் பொண்ணா? எந்தூரு?"

"வில்லியனூர், ஆயா. கடைத்தெருவில் பாய்க்கடை."

"கௌஸ் பாய் பொண்ணா? அட! எங்க வூட்டுப் பாயெல்லாம் அங்க வாங்குனதுதான்." அவர் இர்பானாவின் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கைதான் நேற்று அந்த வாக்கியத்தை எழுதியது. இர்பானா அதை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

சரண்யா கேட்டாள். "ஆயா, புள்ளைக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க?"

அமுதம் தகட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சொல்லிப் பழகிய கதை என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது.

ஏரி இரண்டு வருஷம் காய்ந்து கிடந்த காலம். சாமிக்கண்ணு கடலூர் பக்கமிருந்து பழைய ஆயில் எஞ்சின் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார். அரங்கநாதன் என்ற மெக்கானிக் மூன்று நாள் மல்லுக்கட்டியும் அது இருமியதே தவிர ஓடவில்லை. அமுதத்துக்கு நிறைமாதம். நான்காம் நாள் சோறு எடுத்துக்கொண்டு எஞ்சின் கொட்டகைக்குப் போனார்.

"நான் தூக்குச் சட்டிய கீழ வெக்கிறேன், அது டப்புனு புடிச்சுக்கிச்சு. பூமியே அதுருது. அதுருச்சோ இல்லியோ, எனக்கு வலி புடிச்சுக்கிச்சு! ஒரு பக்கம் தண்ணி கொட்டுது, ஒரு பக்கம் நான் கத்துறேன், எது எஞ்சினு எது நானுன்னு யாருக்கும் தெரியல. அங்கியே பொறந்தான். அந்தத் தண்ணிலதான் புள்ளைய கழுவுனாங்க."

"அதுக்காக எஞ்சின் பேரா!"

"எங்க வூட்டுக்காரரு அப்படி. கொம்யூன் ஆபீஸ்ல எழுதுறவரு, 'யோவ், இது மிஷின் பேருய்யா, சாமி பேரா சொல்லு'ன்னாரு. இவரு, 'ரெண்டு வருசமா சாமிய கும்புட்டேன், சாமியா வந்து தண்ணி எறைச்சுது? பேர எழுதுய்யா'ன்னுட்டாரு." அமுதம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பேரு அவரு வெச்சுட்டுப் போயிட்டாரு. பட்டது நானு."

"ஏன், ஆயா?" என்றாள் இர்பானா. கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

"வெள்ளக்காரப் பேருல்ல? கொழாயடில ஒருத்தி சொன்னா, 'எந்த வெள்ளக்காரன் குடுத்த பேருடி இது?'ன்னு. அவ சிரிக்க, எல்லாரும் சிரிக்க. இந்தக் கருவாயன இடுப்புல வெச்சுனு நிக்கிறேன், அப்பவும் சொல்றாளுங்க. எங்க மாமியா ஒரு மாசம் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. அப்பதான் எங்க வூட்டுக்காரரு எஞ்சின்லேர்ந்து இந்தத் தகட்ட பேத்தெடுத்து வாசல்ல அடிச்சாரு. 'எவளுக்குச் சந்தேகமோ வந்து படிச்சுட்டுப் போங்கடீ'ன்னு. எஞ்சின பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இத மட்டும் நான் குடுக்கல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொலக்கிடுவேன்."

ரீடர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வுடும்மா. செத்தவளுங்கள ஏன் இழுக்குற?"

"செத்தாலும் சொன்னது சொன்னதுதான்டா."

மோர் வந்தது. இர்பானாவால் குடிக்க முடியவில்லை. வாய்க்குள் ஏதோ அழுகியதுபோல் ஒரு சுவை. ஐம்பது வருடங்களுக்கு முன் குழாயடியில் ஒருத்தி துப்பியதை, அவள் நல்ல ஆங்கிலத்தில், நிறுத்தக்குறி பிசகாமல் மறுபடி எழுதியிருக்கிறாள். குழாயடிக்காரி ஒரு தெருவுக்குத்தான் சொன்னாள். நாணல்கூட அந்தப் பேச்சில் இல்லை. அது இவளுடைய சொந்தச் சரக்கு.

தாயையும் மகனையும் தகட்டின் கீழ் நிற்கவைத்துச் சரண்யா படம் எடுத்தாள். இர்பானா தகட்டை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். விடைபெறும்போது அமுதம், "அத்தாகிட்ட சொல்லு, போன பாய் ஓரம் பிரிஞ்சிடுச்சுன்னு," என்றார்.

திரும்பி வரும் வழியில் அபிஷேகப்பாக்கம் தாண்டினார்கள். பிறகு பின்னாலிருந்து சரண்யா, "நீ எழுதுனத நானும் படிச்சேன்டி," என்றாள். சற்றுப் பொறுத்து, "நல்லாதான் இருந்துச்சு. அதான் வயித்த கலக்குது," என்றாள்.

அலுவலகத்தில் இர்பானா நடந்ததை ஒழுங்காக, முறையாக, அரிகரனிடம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"பம்ப் செட்டா? பம்ப் செட்டுக்கு எவன்மா அழுவான்? நாணலே இருக்கட்டும்."

"சார், அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். அவர் மானத்தைப் பற்றிய விஷயம் இது."

"அது செலியமேட்டுல இருக்குது, இது ஜெர்மனிக்குப் போவுது. அந்தக் கெழவி இங்கிலீஷு கத்துனு வந்து படிக்கப் போவுதா? நம்ம ஊரு மானம் ஏரோப்ளேன் ஏறாதுமா." சொல்லிக்கொண்டே சரண்யா எடுத்த படத்தைத் தம் கைப்பேசியில் திறந்து, ஏதோ ஒரு செயலியில் இட்டு, விரலால் இரண்டு தட்டு தட்டினார். "இந்தா பாரு."

படத்தில் ரீடர் வெளுத்திருந்தார். கோதுமை மாவில் பிசைந்ததுபோல ஒரு முகம். அதில் பச்சைக் கண்கள். பக்கத்தில் அமுதம் முன்போலவே கறுப்பாக, சிரித்தபடி, அந்த அந்நியனின் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தகட்டைச் செயலி அழித்துவிட்டு வெறும் சுவராக்கியிருந்தது.

 இர்பானா வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். காலையில் உண்ட இடியாப்பம் முழுவதும் வெளியே வந்தது. கிராம்பும் வந்தது.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது அரிகரன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். "ஒடம்பு சரியில்லன்னா வூட்டுக்குப் போமா. ஆனா அனுப்பிட்டுப் போ," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் எப்போதும் கடிதங்களைத் தம் கையால் அனுப்புவதில்லை. முனைவரின் கடவுச்சொல் பெண்களிடம்தான் இருந்தது.

இர்பானா உட்கார்ந்தாள். கோட்ரீடர் பக்கத்திலிருந்த கோட்டையை முதலில் அழித்தாள். நாணல் வாக்கியத்தை எழுத்தெழுத்தாக, பின்னாலிருந்து, அழித்தாள். பிறகு எழுதினாள்:

'மதிப்புக்குரிய அம்மையாரே, தங்கள் தந்தையார் சொன்னதே சரி. தங்கள் பெயரின் பொருள் சேற்று நாணற்காடு. நாங்கள் கோட்டை என்று எழுதியது பொய். அதற்காக மன்னிப்பு வேண்டுகிறேன். எங்கள் பக்கத்தில் சேறு இழிவான சொல் அல்ல. அதில் இறங்காமல் எங்களுக்குச் சோறு இல்லை. இந்தியாவில் தங்கள் பெயரைத் தாங்கியவர்கள் இருவர்: ஒரு விவசாயி, அவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் எழுதிக்கொண்ட அவர் மகன். அவர்கள் தங்கள் உறவினர் அல்லர். விவசாயி ஒரு பம்பு எஞ்சினின் பெயரைப் பெற்றவர். அந்தப் பம்பின் தகட்டைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் தம்பியைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.'

கையொப்பத்தில் முனைவரின் பெயர் தானாக வந்து நின்றது. அதை நீக்கிவிட்டு இர்பானா என்று அடித்தாள். குடும்பப் பெயர் இல்லாமல் அந்தக் கட்டம் அவளை விடவில்லை. கௌஸ் பாஷா என்று அடித்து, அனுப்பினாள்.

பதில் மறுநாளே வந்துவிட்டது. அவள் உள்ளே நுழையும்போது அரிகரன் அதைப் படித்துக்கொண்டிருந்தார். வேலை போயிற்று என்று எண்ணிக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து, பல்லெல்லாம் தெரிய, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இங்கெபோர்க் அம்மையார் எழுதியிருந்தார்: தகட்டில் இருப்பது என் பாட்டனாரின் பட்டறை. போருக்குப் பிறகு மூடிவிட்டார்கள். பள்ளியில் எங்களை மலக்காட்டுப் பிள்ளைகள் என்பார்கள். அந்த வெட்கத்தில்தான் மத்தியாஸ் தன் பெயரை எங்கேயும் சொல்லமாட்டான். உங்களுக்கு முன் இரண்டு நிறுவனங்கள் எனக்குத் தம்பி மகனை விற்றன. ஒருவன் பிரேசிலில், ஒருவன் நேபாளத்தில். இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன. மூன்றாவது படம் வரும் என்றுதான் காத்திருந்தேன். நீங்கள் பம்பு அனுப்பினீர்கள். அந்த விவசாயிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

"செம்ம!" என்றார் அரிகரன். "பம்ப் மேட்டர் இப்படி வேலை செய்யும்னு நான் நெனைக்கவேயில்ல. இனிமே ஒவ்வொரு பேருக்கும் இந்த மாரி ஒரு பம்ப்பு கண்டுபுடி. இல்லன்னா உண்டாக்கு. அந்தம்மாவுக்குக் கப்புல பம்ப்பு போடலாம், பின்னாடி லைட்டா ஒரு கோட்டை."

இர்பானாவுக்குக் கோபம்கூட வரவில்லை. குளிக்கவேண்டும் போல இருந்தது.

"சார், நான் முதலில் எழுதிய அந்த வரைவின் நகலை, நாணல் வருவதை, கணினியிலிருந்து நீக்கிவிட அனுமதிக்க வேண்டும்."

"அதையா? அது நல்ல மாதிரிமா, வேஸ்ட் பண்ணுவாங்களா? நேத்து ராத்திரியே நாலு பேருக்கு அனுப்பிட்டேன்."

"அனுப்பிவிட்டீர்களா? நீங்களா?"

"நானேதான். நீ முனைவர் கணக்க மூடாம போயிட்டல்ல. ஆளு பேரு, ஊரு பேரு மாத்துனா போதும். காணாமப் போன மாமா எல்லா வூட்லயும் ஒருத்தன் இருப்பான்."

அவர் போனில் பேசியபடி வெளியே போனதும் அவள் அந்த நான்கு கடிதங்களையும் திறந்தாள். நான்கிலும் நாணல்கள். நான்கிலும் அறியாமலே அறிந்துகொண்டார்கள். முதல் கடிதத்தில் மத்தியாஸ் இருந்த இடத்தில் யோகான். அமுதம் இருந்த இடத்தில் லட்சுமி. இரண்டாவதில் சரசுவதி. மூன்றாவதில் பெண்ணின் பெயருக்கு இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும், உள்ளே வெற்றிடம். நான்காவது, ரைன் நதிக்கரையிலுள்ள ஒரு தச்சர் குடும்பத்துக்குப் போனது. அதில் அரிகரன் மாமாவின் பெயரை மாற்றியிருந்தார். பெண்ணின் பெயரை மாற்ற மறந்துவிட்டார். அமுதம் என்றே இருந்தது. பாகூர் கொம்யூன் என்றும் இருந்தது. வெளுத்த படமும் இணைத்திருந்தது.

சரண்யா அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். "அடப்பாவி," என்றாள். தன் நாற்காலியை இர்பானாவின் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இர்பானா வரைவை முதலில் அழித்தாள்; குப்பைக் கூடையையும் காலி செய்தாள். அரிகரனின் கைப்பேசியில் அது இன்னும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு கடிதங்களை எழுதத் தொடங்கினாள். ஒவ்வொன்றும் "தங்களை வருத்துவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்றே தொடங்கியது; வேறு விதமாகத் தொடங்க அவளுக்குத் தெரியாது. மூன்று கடிதங்கள் விரைவில் முடிந்தன. நான்காவதில் நெடுநேரம் நின்றாள்.

'தங்களுக்கு அனுப்பப்பட்ட படத்தில் இருக்கும் ஆணுக்குப் பச்சைக் கண்கள் இல்லை. பெண்ணின் பெயர் அமுதம் என்பது மட்டும் உண்மை. அவர் தங்கள் உறவினரைக் கண்டதே இல்லை. அவர் கணவர் சாமிக்கண்ணு. அந்தப் பொய்யை முதலில் எழுதியவள் நான். படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். வைத்துக்கொள்வதானால், உண்மையான படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.'

தகடு தெரியும் படத்தை இணைத்தாள். அனுப்பினாள். முனைவரின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டாள்.

"அத்தாகிட்ட இன்னாடி சொல்லுவ?" என்றாள் சரண்யா.

"செலியமேட்டில் ஒரு பாய் ஓரம் பிரிந்துவிட்டதாம். அதை."

கீழே கோழிக் கடைக்காரர் வெட்டும் கல்லைக் கழுவிவிட்டிருந்தார். சிவந்த தண்ணீர் கடைசிப் படிவரை வந்து தேங்கி நின்றது. இர்பானா சுடிதாரின் கால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்போடு அதில் இறங்கி, நடந்தாள்.